புதுச்சேரியின் பெரிய உணவகங்களில் சைவச் சாப்பாடு: முன்தினமே தொடங்க வேண்டிய வேலைகள்

ஒயிட் டவுனில் ஒரு நல்ல உணவகத்தில் இருவர் உட்கார்ந்து எழுந்தால் மூவாயிரம் ரூபாய் சாதாரணமாகப் போய்விடும். அசைவம் சாப்பிடுகிறவருக்கு அந்தக் காசுக்கு மீன், நண்டு, ஆட்டுக்கறி என்று செஃப் மனம்வைத்துச் செய்த தட்டுகள் வரும். சைவக்காரருக்கு வருவது வெள்ளை சாஸ் பாஸ்தா, பனீர் டிக்கா, கடைசியில் ஒரு ஸ்கூப் வெனிலா. அதைவிட வேதனை, சைவம் என்று நம்பிக் குடித்த சூப் கோழி எலும்பு வெந்த தண்ணீரில் செய்தது என்று பாதிக் கிண்ணம் காலியான பிறகு தெரியவருவது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த மாதிரி சமையலறையில் ராத்திரி எட்டு மணிக்கு நடப்பது கடைசிக் கட்ட வேலை மட்டுமே. ஸ்டாக் (எலும்போ காயோ வேகவைத்து எடுத்த அடிச்சாறு), சாஸ், மாவு, டெசர்ட் எல்லாம் காலையிலோ முந்தின நாளோ தயாராகிவிடும். எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு வெஜ்" என்று சொன்னால், இருப்பதிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்றுதான் செஃப் யோசிப்பார். ஒரு நாள் முன்னால் சொன்னால், புதிதாக என்ன செய்யலாம் என்று யோசிப்பார். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதுதான்.

1. உங்கள் சைவம் எதுவரை என்று முதலில் எழுதி வையுங்கள்

வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் சன்மார்க்கக் குடும்பங்களில் முட்டை வாசற்படி தாண்டாது. வேறு சில வீடுகளில் முட்டை தனியாக ஆகாது, கேக்கில் கலந்திருந்தால் பரவாயில்லை. சிலருக்குக் கறி பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கே ஆகாது. பரிமாறுகிறவருக்கு இதில் நீங்கள் எந்த வகை என்று தெரியாது. வெளிநாட்டில் பயின்ற செஃப்பாக இருந்தால் முட்டையைச் சைவத்தில் சேர்த்தே நினைத்திருப்பார்.

ஆகவே ஆறு விஷயங்களுக்கு ஆம், இல்லை என்று பதில் எழுதிக்கொள்ளுங்கள்: முட்டை, மாவிலும் டெசர்ட்டிலும் கலந்த முட்டை, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலைத் திரியவைக்கும் ரென்னெட் சேர்த்த சீஸ், அசைவத்தோடு பொதுவாகப் பயன்படும் எண்ணெயும் கிரில்லும், வெங்காயமும் பூண்டும். குடும்பமாகப் போனால் எல்லோருக்கும் சேர்த்து மிகக் கண்டிப்பானவரின் பட்டியலையே சொல்லுங்கள். ஆளுக்கொரு விதி சொன்னால் சமையலறையில் குழம்பிவிடுவார்கள்.

பிறகு அதை ஒரு துண்டுச் சீட்டாக, செல்பேசியில் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் தமிழ் தெரியாதவராக இருக்கலாம். வாய்வார்த்தை சமையலறைக்குள் போவதற்குள் பாதியாகிவிடும். எழுதியதை அப்படியே காட்டலாம். இப்படி எழுதினால் போதும்:

"நோ மீட், நோ சிக்கன், நோ ஃபிஷ், நோ எக். நோ சிக்கன் ஸ்டாக், நோ ஃபிஷ் சாஸ், நோ ஆய்ஸ்டர் சாஸ், நோ ஜெலட்டின். மில்க், பட்டர், க்ரீம், சீஸ் ஓகே."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்களைப் பால்கூடத் தொடாத வீகன் என்று எடுத்துக்கொண்டு, ஆலிவ் எண்ணெய் தெளித்த வேகவைத்த காய்கறியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சைவக்காரரின் தட்டில் ருசி சேர்ப்பதே வெண்ணெயும் க்ரீமும் சீஸும்தான். நீங்களாக அதை இழக்க வேண்டாம். ரென்னெட் சீஸ் ஆகாதவர்கள் மட்டும் அந்த வரியில் சீஸை எடுத்துவிட்டு, "நோ அனிமல் ரென்னெட் சீஸ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பெரிய உணவகங்களைச் சைவக்காரர் கண்ணோடு பார்த்தால் இங்கே மூன்று வகை.

முதலாவது, பழைய பிரெஞ்சு வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களின் முற்றத்து உணவகங்கள். சுஃப்ரேன் தெருவில் வில்லா சாந்தி, ரோமன் ரோலன் தெருவில் ஹோட்டல் தெ லோரியான், புஸ்ஸி தெருவில் பலே தெ மஹே போன்றவை. மெனுவில் பிரெஞ்சும் இந்தியச் சமையலும் கலந்திருக்கும். ஹோட்டல் என்பதால் முன்பதிவு, செய்தி அனுப்புவது எல்லாம் ஒழுங்காக நடக்க வாய்ப்பு அதிகம். விருந்தினருக்காகச் சொல்லிச் செய்யும் பழக்கமும் உண்டு.

இரண்டாவது, தமிழ் வீடுகளில் நடப்பவை. பெருமாள் கோயில் தெருவின் மேசோன் பெருமாள் இந்த வகை. சைவத்துக்கு என் முதல் தேர்வு இந்த வகைதான். கூட்டு, பொரியல், குழம்பு என்று சைவத்துக்கென்றே தனிச் சமையல் மரபு அந்த அடுப்பில் இருக்கிறது. கறியை எடுத்துவிட்டுச் சைவமாக்க வேண்டிய அவசியம் அங்கே குறைவு. ஆனால் பிரெஞ்சும் தமிழும் கலந்த புதுச்சேரிக் கிரியோல் சமையல் என்று தனியாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மீனும் கறியும் சார்ந்தது. அதில் சைவம் வேண்டுமென்றால் கட்டாயம் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பிரெஞ்சு அல்லது இத்தாலியச் சமையலை மட்டுமே செய்யும் சிறிய உணவகங்கள். ருசி உச்சத்தில் இருக்கும், சைவக்காரருக்கு வேலையும் அதிகம். சமையலறையில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், தனி எண்ணெய்ச் சட்டிக்கோ தனி கிரில்லுக்கோ இடம் இருக்காது. பொது எண்ணெய் ஆகாதவர்கள் இங்கே பொரித்த எதையும் கேட்காமல் இருப்பது நல்லது.

ஆரோவில், குயிலாப்பாளையம் பக்கம் காய்கறிச் சாப்பாடு நிறையக் கிடைக்கும். அங்கேயும் கேக், பிரெட் விஷயத்தில் முட்டையைக் கேட்டே தீர வேண்டும்.

3. மெனு கார்டை வீட்டிலேயே படியுங்கள்

பல உணவகங்களின் மெனு இணையத்தில் இருக்கும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், அனுப்புவார்கள். தேதி பழையதா என்று பாருங்கள். விலையும் பதார்த்தமும் மாறியிருக்கும்.

சைவ வரிகள் எத்தனை என்று எண்ணுவதில் பயன் குறைவு. அவற்றில் காயின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "கத்தரிக்காய்", "பீட்ரூட்", "பூசணி", "இளம்பலா" என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் அந்தச் செஃப் காயை வைத்து யோசித்திருக்கிறார். "எக்ஸாட்டிக் வெஜிடபிள்ஸ்", "மிக்ஸ்டு வெஜ்", "வெஜ் / சிக்கன் / ப்ரான்" என்று சாய்கோடு போட்டு மூன்று விலை எழுதியிருந்தால், ஒரே சாஸில் எதைப் போடுவது என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தச் சாஸ் எதில் செய்தது என்பதுதான் உங்கள் கேள்வி.

"சைவமாகவும் செய்து தரப்படும்" என்ற அடிக்குறிப்பும் இதே கதைதான். கோழித்துண்டுகளை எடுத்துவிட முடியும், கோழிச்சாறை எடுத்துவிட முடியாது.

பச்சைப் புள்ளியை நம்பலாமா? பொட்டலத்தில் அடைத்த உணவில் நம்பலாம். நம் நாட்டுச் சட்டப்படி முட்டை அசைவம், பாலும் பால் பொருளும் சைவம். முட்டையோ ஜெலட்டினோ இருந்தால் பச்சைக் குறி போடக் கூடாது. மெனு கார்டின் புள்ளியோ கார்டு அச்சடித்த நாளின் செய்முறையைச் சொல்வது. செஃப் மாறியிருப்பார், செய்முறையும் மாறியிருக்கும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. முன்பதிவு: எப்போது, என்ன சொல்லி

குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன். சிறு சிறு தட்டுகளாகப் பல வரும் டேஸ்டிங் மெனு வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் முன்.

போன் செய்யும் நேரம் முக்கியம். மதியம் 1 மணிக்கோ இரவு 8 மணிக்கோ அழைத்தால் எடுக்கிறவர் பேரையும் ஆள் கணக்கையும் எழுதிக்கொண்டு வைத்துவிடுவார். காலை 11 மணிவாக்கில் அல்லது மாலை 4 முதல் 6-க்குள் அழையுங்கள். மேனேஜருக்குச் செஃப்பிடம் போய்க் கேட்டுச் சொல்ல அப்போதுதான் நேரம் இருக்கும்.

பேச வேண்டியது நான்கு விஷயம். எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சைவம். உங்கள் பட்டியல். "நாளைக்கு வெஜ் ஸ்டாக் தனியாகப் போட முடியுமா? முட்டை, ஜெலட்டின் இல்லாத ஒரு டெசர்ட் செய்ய முடியுமா?" என்ற இரண்டு கேள்விகள். கடைசியாக, மெனுவில் நீங்கள் பார்த்து வைத்த இரண்டு மூன்று பதார்த்தங்களின் பெயர். வெஜ் ஸ்டாக் ஒன்றும் பெரிய வேலை இல்லை. வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் ஆயிற்று. முன்னாலேயே தெரிந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு பாத்திரம் இருந்தால் சூப், ரிசோட்டோ என்ற இத்தாலியச் சாதம், சாஸ் மூன்றும் உங்களுக்குத் திறந்துவிடும்.

பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "கன்ஃபர்ம்" என்று பதில் வாங்குங்கள். உங்களிடம் இருக்க வேண்டிய முதல் ஆவணம் இதுதான். மறுநாள் வேறு ஷிஃப்ட் ஆட்கள் இருந்தாலும் இதைக் காட்டலாம்.

நாள் தேர்வு: செவ்வாய் முதல் வியாழன் வரை சிறந்தது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை சென்னை, பெங்களூரு வண்டிகள் ஊரை நிறைத்துவிடும். அந்தக் கூட்டத்தில் தனிக் கவனம் எதிர்பார்க்க முடியாது. ஜூலை 14, ஆகஸ்ட் 15, 16, நவம்பர் 1, கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 31 இரவில் பல இடங்களில் முழுத் தொகை கட்டும் விருந்து மட்டும்தான், வேண்டியதைத் தனித்தனியாக ஆர்டர் செய்யும் அ லா கார்ட் கிடைக்காது. புரட்டாசியில் தமிழ்ச் சமையல் செய்யும் இடங்களுக்குப் போங்கள். சைவம் கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் சமையலறையும் அதற்கேற்பத் தயாராக இருக்கும்.

நேரம்: மதியம் 12.30 அல்லது இரவு 7. முதல் பந்தியில் எண்ணெய் புதிது, கிரில் சுத்தம், ஆட்களுக்கும் பொறுமை இருக்கும். மதியம் 3 மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். "லாஸ்ட் ஆர்டர் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வையுங்கள்.

கடலூரிலிருந்து வருகிறவர்கள் சாயங்கால நெரிசலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிக்கு அனுமதி இல்லை. உள்தெருக்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் கஷ்டம். காரை வெளியே விட்டுவிட்டு நடப்பதே லேசு. திரும்பும் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு மேஜையை எடுங்கள். மூன்று கோர்ஸ் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

5. அசைவம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் எல்லாம்.

ஸ்டாக். பிரெஞ்சு வெங்காய சூப் என்றால் பெயரில் வெங்காயம் மட்டும்தான் இருக்கும். மரபான செய்முறையில் அது மாட்டெலும்புச் சாறு. ரிசோட்டோ அரிசி தன் அளவுக்கு மூன்று மடங்கு ஸ்டாக்கை உறிஞ்சிக்கொள்ளும். மேலே காளான் மட்டும் போட்டிருந்தாலும் உள்ளே கோழி இருக்கலாம். "ஜூ", "டெமி கிளாஸ்" என்று எழுதிய பழுப்பு சாஸ்கள் எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சிச் சுண்டவைப்பவை. சீனப் பதார்த்தங்களில் சிக்கன் பவுடர் ஒரு கரண்டி போடுவது பல சமையலறைகளில் உப்பு போடுவது மாதிரி கைப்பழக்கம். "சிக்கன் போடவில்லை" என்று உண்மையாகவே சொல்வார்கள். பவுடரைத் தனியாகக் கேளுங்கள்.

மீன். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீனான ஆன்ச்சோவியும் முட்டை மஞ்சள் கருவும் உண்டு. ஆலிவ் அரைத்த தாப்பநாதிலும் மரபாக ஆன்ச்சோவி சேரும். வூஸ்டர்ஷயர் சாஸிலும் இருக்கிறது. சில காக்டெயில்களிலும் அது சேரும். தாய்லாந்துக் கறி பேஸ்டில் இறால் விழுது, கிம்ச்சியில் மீன் சாஸ், மிசோ சூப்பின் அடித்தண்ணீரில் உலர்ந்த மீன் செதில். "வெஜ் தாய் கிரீன் கறி" கேட்டால் பேஸ்ட் டப்பாவின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீஸ். உண்மையான பார்மிஜியானோ ரெஜியானோவும் கிரானா படானோவும் கன்றுக்குட்டி ரென்னெட்டில்தான் செய்யப்படும், அது அவற்றின் விதி. பெக்கோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டி ரென்னெட். கிருயேர், கோந்த்தே, ரோக்ஃபோர் மூன்றும் விலங்கு ரென்னெட்தான். இதில் கண்டிப்பானவர்களுக்கு வழி இருக்கிறது: இந்தியாவில் செய்து பச்சைக் குறி போட்ட சீஸ் எது இருக்கிறது என்று கேளுங்கள். பொட்டலத்தையே கொண்டுவந்து காட்டச் சொன்னால் காட்டுவார்கள். பெஸ்டோ சாஸிலும் பார்மேசான் சீஸ் அரைத்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

முட்டை. பாக்கெட்டில் வரும் ஸ்பாகெட்டி, பென்னே வகைகள் பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. "ஃப்ரெஷ் பாஸ்தா", "ஹேண்ட்மேட்" என்று பெருமையாகப் போட்டிருந்தால் முட்டை மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவியோலி, தாலியத்தெல்லே, லசான்யாவும் அப்படியே. நியோக்கியில் மாவு பிடிக்க முட்டை சேர்ப்பது உண்டு. தோசை மாதிரி சுடும் க்ரேப்பின் மாவில் முட்டை உண்டு. மயோனைஸ், ஐயோலி, ஹாலண்டேஸ் மூன்றும் முட்டைதான். எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று சொல்கிறேன்: வெஜ் கட்லெட், குரோக்கெட் மேல் ரொட்டித்தூள் ஒட்டுவதற்கு முட்டையில் முக்குவார்கள். உள்ளே உருளைக்கிழங்குதான், மேலே முட்டை. மைதாக் கரைசலில் முக்கினாலும் நன்றாகவே ஒட்டும்; கேட்டால் செய்வார்கள். பர்கர் பன், பிரியோஷ், குரோசான் மேல் தெரியும் பளபளப்பும் முட்டைப் பூச்சுதான். சில இடங்களில் நான் ரொட்டி மாவிலும் முட்டை சேர்ப்பார்கள்.

டெசர்ட். க்ரேம் ப்ருலே, காரமெல் கஸ்டர்ட், சுஃப்லே, மாக்கரோன், திராமிசு எல்லாம் முட்டை. பன்னா கோட்டாவிலும் அடுப்பில் வைக்காத சீஸ்கேக்கிலும் ஜெலட்டின். மூஸ் என்றால் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் கேக் பூச்சிலும் ஜெலட்டின். பிரெஞ்சு முறை ஐஸ்க்ரீமில் மஞ்சள் கரு சேரும். முன்னாலேயே சொல்லியிருந்தால் பன்னா கோட்டாவைச் சைனா கிராஸில் உறையவைத்துத் தருவார்கள். கொஞ்சம் கெட்டியாக இருக்கும், ருசி குறையாது.

எண்ணெய். உருளைக்கிழங்கு வறுவலும் கணவாயும் ஒரே ஃப்ரையரில்தான் போகும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். சிறு வாணலியில் தனி எண்ணெய் வைத்துத் தர முடியுமா என்று கேட்கலாம். கூட்ட நேரத்தில் முடியாது என்பார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வேறு பதார்த்தத்துக்குப் போய்விடுங்கள். வற்புறுத்தி "சரி" வாங்கினால் அது வெறும் வாய்ச் சரிதான்.

மெனுவில் "வடூவான்" என்று பார்த்தால் பயம் வேண்டாம். வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் போட்ட நம்ம வடவத்தின் வாசனைதான் அது. அது எந்தச் சாஸில் கலந்திருக்கிறது என்பதை மட்டும் கேளுங்கள்.

6. மேஜையில் உட்கார்ந்த பிறகு

ஆர்டர் எடுப்பவர் சர்வரா, கேப்டனா என்று பாருங்கள். கேப்டனைக் கூப்பிட்டு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுங்கள். "கே.ஓ.டி.யில் எழுதிவிடுங்கள்" என்று சொல்லுங்கள். சமையலறைக்குப் போகும் அந்தச் சீட்டில் எழுதாத எதுவும் அடுப்படிக்குப் போய்ச் சேராது.

"இது வெஜ்தானே?" என்று கேட்காதீர்கள். "ஆமாம் சார்" என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "இதில் என்ன ஸ்டாக் ஊற்றுகிறீர்கள்?", "இந்த மாவை எப்படிப் பிசைகிறீர்கள்?", "டெசர்ட்டை எது கெட்டியாக்குகிறது?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே போய்விட்டு வந்து சொல்கிற பதிலைத்தான் நம்பலாம்.

கேட்காமலே வரும் தட்டுகளைக் கவனியுங்கள். ஒரு வாய் அளவில் முதலில் வரும் அமூஸ் பூஷ், பிரெட்டோடு வரும் சுவையூட்டிய வெண்ணெய், டெசர்ட்டுக்குப் பிறகு காபியோடு வரும் சிறு மிட்டாய்கள். இவை யாருடைய ஆர்டரிலும் இல்லாததால் உங்கள் பட்டியல் அவற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை.

7. எதைக் கேட்டு வாங்குவது

இவ்வளவு எச்சரிக்கையும் நல்ல சாப்பாட்டுக்காகத்தான். பனீரை விட்டு வெளியே வாருங்கள்.

ரத்தத்தூய் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நன்றாகச் செய்கிறவர் குறைவு. கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி, கடைசியில் தக்காளியோடு சேர்க்க வேண்டும். தட்டு வந்ததும் பாருங்கள்: துண்டுகள் உருக்குலையாமல், கத்தரித்தோல் மினுமினுப்போடு, ஓரத்தில் எண்ணெய் மெல்லிசாகக் கசிந்திருந்தால் சரியான பக்குவம். அடியில் தண்ணீர் தேங்கி, எல்லாம் ஒரே நிறத்தில் குழைந்திருந்தால் ஒன்றாகக் கொட்டி வேகவைத்தது. அதைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை, அடுத்த முறை வாங்காமல் இருந்தால் போதும்.

உருளைக்கிழங்கைச் சன்னமாகச் சீவி, க்ரீமும் பூண்டும் ஜாதிக்காயும் சேர்த்து ஓவனில் ஒரு மணி நேரம் வேகவைக்கும் கிரத்தான் தோஃபினுவா என்னைக் கேட்டால் சைவக்காரருக்குப் பிரெஞ்சு சமையல் தந்த மிகப் பெரிய பரிசு. மெனுவில் அது கறிக்குத் தொட்டுக்கொள்ளும் பக்க உணவாக, சின்ன எழுத்தில் இருக்கும். அதையே முதன்மைத் தட்டாகப் பெரிய அளவில் கேளுங்கள், பக்கத்தில் ஒரு பச்சைச் சாலட்டோடு. மேலே கிருயேர் தூவுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். பக்குவமாக வந்தால் மேலே தங்க நிறத்தில் தோல் கட்டி, கரண்டி இறங்கும்போது அடுக்கு அடுக்காகப் பிரியும்.

பக்வீட் மாவில் தோசை மாதிரி சுடும் கலெத், காளானும் கீரையும் சீஸும் வைத்துக் கேட்கலாம். "கொம்ப்ளேத்" என்று எழுதியிருந்தால் பன்றிக்கறியும் முட்டையும் சேர்ந்தது. மாவில் முட்டை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரும் உப்பும் போட்டுக் கரைப்பதும் உண்டு.

பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. கோடை வருவதற்கு முன் இளம்பலா, கோடையில் பழம், எப்போதும் முந்திரி. முன்பதிவின்போதே "இளம்பலாவில் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். முந்திரி அரைத்த சாஸ் க்ரீமுக்கு ஈடாக நிற்கும். வாழைப்பூ, முருங்கைக்கீரை போன்றவையும் இப்படித்தான். நம்ம ஊர்க் காயைச் சொல்லிக் கேட்டால் செஃப்புக்கும் உற்சாகம் வருவதைப் பார்க்கலாம். இருவருக்கு இரண்டு ஸ்டார்ட்டர், இரண்டு மெயின், ஒரு டெசர்ட் சரியாக இருக்கும்.

8. பில்

இருவருக்கு, மது இல்லாமல், 2,500 முதல் 4,000 ரூபாய் வரை ஒதுக்கிக்கொண்டு போங்கள். உணவின் விலை ஒன்று, கட்டும் தொகை வேறு.

தனி உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5%. உணவகம் ஒரு ஹோட்டலுக்குள் இருந்து, அந்த ஹோட்டல் முந்தைய நிதியாண்டில் அறைக்கு நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தால் 18%. 2,000 ரூபாய்ச் சாப்பாடு முதல் இடத்தில் 2,100, இரண்டாவதில் 2,360. 10% சர்வீஸ் சார்ஜும் போட்டு அதன் மேலும் வரி போட்டால் 2,310, 2,596 ஆகிவிடும். முன்பதிவு செய்யும்போதே "வரி எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிடுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்கின்றன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லலாம். உங்களுக்காகச் செஃப்பிடம் நாலு முறை போய் வந்த சர்வருக்குக் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். அது நேராக அவருக்குப் போகும்.

தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேண்டாமென்றால் உட்கார்ந்தவுடன் "ரெகுலர் வாட்டர்" என்று சொல்லுங்கள், மூடி திறந்த பிறகு பேசிப் பயனில்லை.

பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

9. தட்டில் அசைவம் வந்துவிட்டால்

சாப்பிடுவதை நிறுத்துங்கள். தட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள். போய்விட்டால் பேச எதுவும் இருக்காது. படம் எடுத்துவிட்டு கேப்டனையும் மேனேஜரையும் மேஜைக்கே வரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் கே.ஓ.டி. நகலையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் குரல் உயர்த்த வேண்டிய தேவையே வராது. கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே தட்டு திரும்பி வருவது உண்டு. ஆகவே புதிதாகச் செய்தது வேண்டும் என்று சொல்லி, பழைய தட்டை உங்கள் மேஜையிலேயே வைத்திருங்கள்.

பெரும்பாலான நல்ல இடங்கள் மன்னிப்புக் கேட்டு அந்தப் பதார்த்தத்தைப் பில்லிலிருந்து எடுத்துவிடும். அலட்சியம் காட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலி வழியாகப் புகார் தரலாம்; அங்கே அந்த 14 இலக்க எண் கைகொடுக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில், படம், உணவகத்தின் வாட்ஸ்அப் பதில் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

10. மறுநாள் காலை ஒரு செய்தி

சாப்பாடு நன்றாக இருந்தால், எந்தத் தட்டு, அதில் எது பிடித்தது என்று பெயர் சொல்லி அதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். உங்கள் சைவப் பட்டியலை உங்கள் செல்பேசி எண்ணுக்கு நேராகக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது போன தடவை தேதியைச் சொன்னால், ஸ்டாக்கிலிருந்து மறுபடி விளக்க வேண்டியிருக்காது. என்ன சமைக்கலாம் என்ற பேச்சுக்கு நேராகப் போய்விடலாம்.